கடலைப் பார்த்த சுவர்

நான்கு வருடங்களுக்கு முன் இராமேஸ்வரம் தீவில் ஒரு சின்ன மீனவக் கிராமத்துப் பள்ளிக்கு எனக்கு மாறுதல் வந்தது. நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவள். கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் தெரியாது. ஆனால் போன இடத்தில் சும்மா இருக்கவும் தெரியாது. ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பிவிட்டால் என்னைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

அந்த ஊரில் பாதிக் குடும்பங்கள் அறுபத்து நான்காம் வருடப் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியிலிருந்து வந்து குடியேறியவை. முதல் கிணறு தோண்டியது யார், ஓலைக் கொட்டகையாக இருந்த மாதா கோயில் எப்படிக் கோபுரமும் சிலுவையுமாக எழுந்தது, எதையும் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. நானே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு மாதம், பள்ளி விட்டதும் நோட்டும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். துணைக்கு வந்தவர் எங்கள் பெற்றோர் குழுத் தலைவி. என்னைவிட ஒரு வயது மூத்தவர், அதனால் எனக்கு அக்கா. "டீச்சருக்கு நம்ம கதையெல்லாம் வேணுமாம், ஒளிக்காம சொல்லுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் எனக்காகக் குரல் கொடுத்தது அவர்தான்.

சேகரித்ததைச் சுவரில் படமாக வரையலாம் என்பதும் என் யோசனைதான். பள்ளியின் பின்பக்கம், கடலைப் பார்த்தபடி நீளமாக ஒரு வெள்ளைச் சுவர் வெறுமனே நின்றது. எனக்குக் கொஞ்சம் வரைய வரும். காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பனைமரம், மணல், குடிசைகள், கோயில், ஊரின் முதல் மனிதர்கள் என்று ஒரு இடம் விடாமல் நிரப்பினேன். முதல் கிணறு தோண்டியவர் அக்காவின் மாமனார். அவருக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. அக்காவின் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மூக்கு இன்னுங் கொஞ்சம் நீளம் டீச்சர்" என்று சொல்லச் சொல்ல வரைந்தேன். முடித்தபோது அந்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரைப் பக்கம் போய்விட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பள்ளி திறந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். வழக்கமாக மதிய மணி அடிக்கும்போது படகுகள் கரைக்கு வந்துவிடும். பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு ஓடிப்போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவார்கள். இப்போதெல்லாம் அவர்கள் வந்து சேர இரண்டு மணிக்கு மேல் ஆனது. "உங்க அப்பாக்கள் எல்லாம் நல்லாத் தூங்கிட்டுப் போறாங்க போல" என்று வகுப்பில் கேலி செய்தேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரம் எனக்கு இன்னொரு ஆசை வந்தது. படத்தைக் கடலிலிருந்து பார்த்துப் புகைப்படம் எடுக்க வேண்டும். "எதுக்கு டீச்சர் இந்த வெயில்ல" என்று அக்கா தட்டிக் கழித்துப் பார்த்தார். நான் விடவில்லை. ஒரு சனிக்கிழமை, வத்தை என்று அவர்கள் சொல்லும் சின்னப் படகில் அக்காவும் கணவரும் என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் உட்கார்ந்த இடத்துக்குக் கீழே ஒரு பலகை மட்டும் புதிதாக இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். என் படத்தைக் காணோம். பனைமரங்களோடும் மணலோடும் அது கலந்துபோய், அங்கே ஒரு சுவர் இருப்பதே தெரியவில்லை. திரும்பும்போது இன்னொரு குழப்பம். ஊர் நேர் எதிரே இருக்க, படகு மேற்கே விலகிப் போனது. ஏன் இப்படிச் சுற்றுகிறீர்கள் என்று கேட்டேன். அக்கா கணவரைப் பார்த்து முறைத்தார். ஆனால் அவர் சொல்லிவிட்டார்.

"நேர போனா தண்ணிக்கடியில பார் கெடக்கு டீச்சர், பாறைத் திட்டு. நடுவுல ஒரு வத்தை போற அளவுக்குத்தான் வழி. கடல்லேர்ந்து பாக்கையில கோயில் சிலுவை நம்ம பள்ளிக்கூடத்து வெள்ளைச் சுவத்துக்கு நடுவுல வந்து நிக்கணும். அதைப் பிடிச்சு வந்தா தட்டாது."

"இப்ப?"

"இப்ப வெள்ளை எங்கன இருக்கு?" என்று சிரித்தார். "மொத நாளு, பழகுன வழிதானேன்னு வந்தேன். தட்டிருச்சு." காலால் அந்தப் புதுப் பலகையைத் தொட்டுக் காட்டினார்.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அக்காவிடம் கிட்டத்தட்ட சண்டைக்கே போனேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு மாசம் எங்களுக்காக வெயில்ல அலைஞ்சீங்க. அதைப் போயி அழிங்கன்னு எந்த வாயால சொல்ல? அதோட, இவுக அய்யா மூஞ்சி அதுல இருக்கு. சுத்தி வந்தா ஒரு மணி நேரம் கூட ஆகுது, அம்புட்டுதான்னு எல்லாருமாப் பேசி விட்டுட்டோம்."

நான் அழுதுவிட்டேன். தூங்கிவிட்டுப் போகிறார்கள் என்று சொன்னவள் அல்லவா நான்.

அழிக்க வேண்டாம், வேறு அடையாளம் பார்த்துக்கொள்கிறோம் என்று கரைக்கு வந்தும் மறுத்தார்கள். நான் கேட்கவில்லை. ஞாயிறு முழுக்க, சாலையைப் பார்த்த முன்சுவரில், கிணறு தோண்டிய அக்காவின் மாமனாரை முதலில் வரைந்தேன். இந்த முறை மூக்கைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. திங்கள் சாயங்காலம் பின்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். முதல் பூச்சு என் கையால். மறுநாள் மதிய மணி அடித்தபோது வத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்வழியில் வந்தன. பிள்ளைகளோடு நானும் கரைக்கு ஓடினேன்.

மீதிப் படத்தை முன்சுவரில் மெதுவாக வரைந்து முடித்தேன். ஓரத்தில் ஒரு வெள்ளைச் சுவர், அதன் நடுவில் மேலே ஒரு சிலுவை, அதைப் பார்த்து வரும் ஒரு வத்தை. இரண்டு மாதம் கேட்டும் அதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. தினமும் பார்த்துக் கரை சேர்கிற ஒன்றை யார் கதை என்று நினைப்பார்கள்?

இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். எந்தச் சுவர் காலியாக இருந்தாலும், தொடுவதற்கு முன் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு டீச்சர் மனசு நோகக் கூடாது என்று ஒரு ஊரே மூன்று வாரம் கடலைச் சுற்றி வந்ததே, அதை எந்தச் சுவரில் வரைவது என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.