குண்டு அச்சில் ஒரு கல்கண்டு

திருடிவிட்டு அடி வாங்காமல் பரிசு வாங்கியது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. சேலமும் நாமக்கல்லும் ஒரே ஜில்லாவாக இருந்த காலம்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் மலை அடிவாரத்தில் எங்கள் தோட்டம். நாங்கள் நிலக்கடலை போடுவோம், காட்டுப்பன்றிகள் அறுவடை செய்யும். அதற்காக லைசென்சு வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று அப்பாவிடம் இருந்தது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, அதன்மேல் ஈயக் குண்டைப் போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். இவ்வளவும் முடிவதற்குள் பன்றி வயிறாரத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே போய்விடும்.

அந்தக் குண்டு கடையில் கிடைக்காது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் குழல் ஒவ்வொரு அளவு. அதற்கென்றே செய்த அச்சில் ஈயத்தை உருக்கி ஊற்றி நாமே வார்த்துக்கொள்ள வேண்டும். அச்சு பார்ப்பதற்குப் பாக்குவெட்டி மாதிரி இருக்கும். விரித்தால் முனையில் இரண்டு பாதிக் குழிகள், மூடினால் உள்ளே அரைநெல்லிக்காய் அளவுக்கு உருண்டையான இடம், ஊற்றுவதற்கு மேலே ஒரு துளை. எங்கள் தாத்தாவும் பக்கத்து மேட்டுத்தோட்டத்துத் தாத்தாவும் ஒரே ஆசாரியிடம் ஒரே அளவில் ஆளுக்கொரு துப்பாக்கி செய்துகொண்டவர்கள். அச்சு மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்று போதும் என்று சிக்கனம் பார்த்துவிட்டார்கள். அந்தச் சிக்கனம் பிற்பாடு என்ன வேலை செய்யப்போகிறது என்பதை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் குண்டு வார்ப்பது அப்பாவின் தங்கை, என் அத்தை. அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. அச்சு சூடேறுவதற்கு முன்பே ஊற்றிவிடுவார், குண்டு சுருக்கம் விழுந்து வரும். அத்தை அச்சைத் தணலில் காட்டி, உள்ளே விளக்குப் புகை பிடித்து, பிறகு நிதானமாக ஊற்றுவாள். திறந்தால் வாலோடு ஒரு குண்டு விழும். வாலை நறுக்கினால் வேலை முடிந்தது. மேட்டுத்தோட்டத்தில் இதே வேலையைச் செய்தவர் அந்த வீட்டுப் பையன். எனக்கு முறைக்கு மாமா, கல்யாணம் ஆகாதவர். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் அச்சைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான்.

அந்த வருஷம் எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. இரண்டு நாளைக்கு ஒரு முறை அத்தை, "போயி அச்ச வாங்கிட்டு வா சாமி" என்பாள். மறுநாளே மாமா, "அச்ச அனுப்பச் சொல்லு சாமி" என்பார். காட்டுக்கு வருகிற பன்றிகளைவிடக் குண்டுகள் அதிகமாகிவிட்டன. அப்பாவே ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"ஏம்புள்ள, இத்தன குண்டு எதுக்கு? பட்டாளத்துக்கா அனுப்பப் போறோம்?"

"மழக்காலம் வருதுங்கண்ணா. அப்புறம் ஈர வெறகுல ஈயம் உருகாதுங்க."

அப்பா அந்தப் பக்கம் போனதும் அத்தை நல்ல குண்டுகளையே மறுபடி இரும்புக் கரண்டியில் போட்டு உருக்கினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரியவர்களுக்கு விளையாடச் சாமான் இல்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயத்தை அத்தை என்னிடம் சொன்னது எனக்கே கல்யாணம் ஆன பிறகுதான். மாமாவுக்கு அத்தையைக் கட்டிக்கொள்ள ஆசை. அவருடைய அம்மாவுக்கோ மோகனூரில் இருந்த தன் அண்ணன் மகள்மேல் கண். இதற்கிடையில் குமாரபாளையத்தில் தறி வைத்திருந்த ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அண்ணனிடம் வாய்விட்டுச் சொல்ல அத்தைக்குத் தைரியம் இல்லை. வேலி ஓரத்தில் நின்று இரண்டு பேரும் ஒரு முடிவு செய்தார்கள். அம்மா சம்மதித்தால் மாமா அச்சுக்குள் ஒரு கல்கண்டை வைத்து அனுப்புவார். அத்தை பதிலுக்கு ஒரு மஞ்சள் துண்டை வைத்து அனுப்புவாள். அதைப் பார்த்ததும் அவர் அம்மா தாம்பூலத்தோடு கிளம்புவார். மஞ்சள் வராவிட்டால் அத்தை மனம் மாறிவிட்டாள் என்று மாமா விலகிக்கொள்ள வேண்டும். அச்சு வெறுமையாக வந்தால் அத்தை பட்டுச்சேலை கட்டிக் குமாரபாளையத்துக்காரர்கள் முன்னால் போய் உட்கார வேண்டியதுதான்.

திங்கட்கிழமை நான் அச்சை வாங்கிக்கொண்டு வரும்போது உள்ளே ஏதோ கடகடவென்றது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விரித்துப் பார்த்தேன். கல்கண்டு! இத்தனை நாள் நடந்ததற்கு மாமா கொடுக்கும் கூலி என்று எடுத்த எடுப்பிலேயே புரிந்துகொண்டேன். பெரிய துண்டு உடனே வாய்க்குள் போய்விட்டது. பொடிகளை முள்ளால் நோண்டித் தின்றேன். நாக்கு எட்டிய வரைக்கும் நக்கினேன். எட்டாத இடத்தை விட்டுவிட்டேன்.

அத்தை வாசலிலேயே அச்சைப் பிடுங்கி விரித்தாள். கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினாள். துளை வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"வழியில எங்கியாச்சும் உளுந்துட்டியா சாமி?"

"இல்லீங்கத்தை."

"மாமா ஒண்ணுஞ் சொல்லலியா?"

"பாத்துப் போன்னாருங்க."

நான் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அத்தை அச்சை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு அச்சு கேட்டு யாரும் என்னை எங்கேயும் அனுப்பவில்லை. கால்வலி போயிற்று என்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் பன்றி பாதிக் கொடியைப் புரட்டியிருந்தது. அப்பா குண்டு டப்பாவைத் திறந்தார், காலி. எல்லாம் கரண்டியில் ஒரே கட்டியாக உறைந்து கிடந்தது. அவர் கத்திய கத்தலில் அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே தணலைக் கூட்டி அச்சைச் சூடுகாட்டினாள். வேடிக்கை பார்க்க நானும் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

ஈயம் உருகும் முன்பே அச்சிலிருந்து புகை வந்தது. வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் அடிபிடித்த மாதிரி வாசனை. அத்தை அச்சை விரித்து ஊதி ஆறவைத்தாள். குழியின் அடியில் இருந்த பழுப்புக் கறையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பன்றி புரட்டிய கொடியைப் பார்த்தேன்.

"சாமி, இதுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லீங்கத்தை."

"அடிக்க மாட்டேன். சொல்லு."

"கல்கண்டுங்க. தின்னுபோட்டனுங்க. சின்னதுதானுங்கத்தை!"

அத்தை என்னை வாரி எடுத்து முத்தம் கொடுத்தாள். அழுதாள், சிரித்தாள், கரி படிந்த கையால் என் கன்னத்தைக் கிள்ளினாள். சமையல் உள்ளுக்குப் போய் டப்பாவில் இருந்த சர்க்கரையை அள்ளி என் இரண்டு கையிலும் கொட்டினாள். தண்ணீர்க் குடத்தை உடைத்ததற்கு முதுகு வீங்க அடித்த அதே அத்தைதான். பிறகு அச்சுக்குள் எதையோ வைத்து மூடி, கயிற்றால் சுற்றிக் கட்டி, "ஓடு, மாமாகிட்டக் குடு. இதத் தின்னுறாத" என்றாள்.

வேப்பமரத்தடியில் கயிற்றை அவிழ்த்தேன். ஒரு மஞ்சள் துண்டு. கல்கண்டுக்குப் பதில் மஞ்சளா என்று எனக்கு மாமாமேல் இரக்கமாகிவிட்டது. அவரோ அதைப் பார்த்ததும் "அம்மா!" என்று வீடு அதிரக் கூப்பிட்டார். துப்பாக்கியில் வெறும் மருந்தைக் கெட்டித்து வானத்தைப் பார்த்து வெடித்தார். பட்டப்பகலில் பன்றி வந்துவிட்டதென்று எங்கள் அப்பா தடியோடு ஓடி வந்தார். வந்தவரை மாமாவின் அம்மா உட்காரவைத்து மோர் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். குமாரபாளையத்துக்கு அன்றைக்கே ஆள் அனுப்பினார்கள்.

கல்யாணத்தில் எனக்கு ஒரு படி கல்கண்டு கிடைத்தது. இரண்டு வீட்டிலும் என்னைக் கொண்டாடினார்கள். அச்சைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததற்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

அத்தை என்னிடம் விஷயத்தைச் சொன்ன நாளில் நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம்தான் அந்த வாரம் முழுதாக நினைவுக்கு வந்தது. திங்கள் இரவிலிருந்து வியாழன் காலை வரை அத்தை எதையும் சரியாகச் சாப்பிடவில்லை. பணியாரம், கம்மஞ்சோறு, கடலை உருண்டை எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வயிற்றுவலி, எனக்கு நல்ல காலம் என்று எண்ணிக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் அத்தனையையும் நான்தான் தின்று தீர்த்தேன்.