எமனே வந்தாலும் உரியாது

“நான் ஒட்டினதை எமனே வந்தாலும் உரிக்க முடியாது. உரிச்சா பாக்கெட்டோட தோலும் சேர்ந்து வரும்!”

டீயை ஆற்றிக்கொண்டே ஸ்டிக்கர் அக்கா இந்தப் பிரகடனத்தைச் செய்தபோது மறுத்துப் பேச எவருக்கும் துணிவில்லை. பிஸ்கட் கிடங்கில் பதினெட்டு வருடமாக ஒட்டுவதே அவர் உத்தியோகம். துணியால் ஒரு துடைப்பு, நடுவிலிருந்து விளிம்புக்குக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. காற்றுக் குமிழி ஒன்று தங்கிவிட்டால் அன்றைக்கு யாரோடும் பேச்சு கிடையாது. வீட்டில் உப்பு டப்பா முதல் ஊசி டப்பா வரை எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்காரர் ஒருவர்தான் பாக்கி. “அவருக்குள்ள என்னென்ன கலந்திருக்குன்னு எனக்கே தெரியாதே!”

சென்ற மாதம் அரசாங்கத்துக்கு ஞானம் பிறந்தது. மரபணு மாற்றிய சோயா சேர்ந்த தின்பண்டம் அதைச் சொல்லும் ஸ்டிக்கர் இல்லாமல் வெளியே போகக் கூடாது. அகலம் இத்தனை, எழுத்தின் உயரம் இத்தனை என்று சுற்றறிக்கை ஆறு பக்கம். எங்கே ஒட்டுவது என்று மட்டும் அரை வரிகூட இல்லை. பாக்கெட்டின் முன்பக்கம் ஒரு குழந்தை சிரிக்கிறது, பின்பக்கம் முதலாளி சிரிக்கிறார். இரண்டு சிரிப்பும் கெடாமல் முதலாளி படத்துக்குச் சற்று மேலே ஒட்டச் சொன்னார் மேற்பார்வையாளர்.

நான்கு பெட்டி முடிந்த பிறகுதான் அக்கா கவனித்தார்: ஸ்டிக்கருக்கு அடியில் போயிருந்தது ‘நிலக்கடலை சேர்ந்தது’ என்ற வரி. அவர் தங்கை மகளுக்கு நிலக்கடலை ஆகாது. போன வருடம் ஒரே கடியில் தொண்டை வீங்கிய பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அக்காதான்.

“தம்பி, கடலை மறைஞ்சுபோச்சே.”

“மறையட்டும்க்கா. நாளைக்கு அதிகாரி வந்தா ஸ்டிக்கர் இருக்கான்னுதான் பாப்பாரு. தூக்கியா பாப்பாரு?”

“அவரு பாக்கவேணாம். திங்கிற புள்ள?”

“இப்ப என்ன பண்றது? உரிக்கவும் முடியாது. எமனே வந்தாலும்னு நீங்கதானே சொன்னீங்க!”

மேற்பார்வையாளர் தம் நகைச்சுவையைத் தாமே ரசித்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா டீ போடும் மூலையிலிருந்து வெந்நீர் கொண்டுவந்தார். துணியை நனைத்துப் பிழிந்து முதல் பாக்கெட்டின் மேல் வைத்து, பத்து வரை எண்ணினார். சுண்டுவிரல் நகத்தை ஒரு மூலையில் கொடுத்து இழுத்தார். ஸ்டிக்கர் முழுசாக வந்தது. பாக்கெட்டின் தோல் வரவில்லை. ஈரத்தைத் துடைத்தார். புது ஸ்டிக்கர் ஒன்றை இரண்டு விரற்கடை கீழே, முதலாளியின் சிரிப்பின் மேல் வைத்து, குமிழி தங்காமல் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, அடுத்த பாக்கெட்டை எடுத்தார்.