முகப்புப் படத்தின் இடது ஓரம்

வெப் டிசைனில் பாதியை இலவச வீடியோக்களில்தான் படித்தேன். சேலத்துக்கு மேலே மலையில், மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில், அம்மாவின் போனில். வீடியோவில் பேசியவர் எனக்கு எந்த ஊர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சேலத்தில் நேரடி வகுப்பில் சேர்ந்த முதல் நாளே கேட்டார்கள். “மலையா? அங்கெல்லாம் கம்ப்யூட்டர் இருக்குதுங்களா?” என்று பக்கத்து நாற்காலிப் பெண் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பட்டனை வலைப்பக்கத்தின் நடுவில் நிறுத்த அவளுக்குத் தெரியாது. அதை அன்று மதியம் நான்தான் செய்துகொடுத்தேன்.

படிப்பு முடிய வேண்டுமானால் யாருக்காவது நிஜமான வலைத்தளம் ஒன்று செய்து, அவரிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும். அப்போதுதான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் சேலத்திலேயே ஒரு கம்பெனியில் சேர்த்துவிடுவதாக வகுப்பு சார் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்தவர்களில் வலைத்தளம் தேவைப்பட்டவர் எங்கள் எஸ்டேட் முதலாளி மட்டும்தான். பங்களாவைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தார்.

முகப்புக்கு நானே படம் எடுத்தேன். பனி விலகுகிற காலை, சில்வர் ஓக் மரங்கள், கீழே காப்பிச் செடிகள், இடது ஓரத்தில் எங்கள் லைன் வீடுகள். மூன்றாவது கதவு எங்களுடையது. படம் எடுக்கப்போகிறேன் என்றதும் அம்மா கொடியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு, வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தாள்.

படத்தைப் பார்த்த முதலாளியின் பதிலை, கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர்தான் கொண்டுவந்தார்.

“படம் நொம்ப நல்லா இருக்குது கண்ணு. அந்த லைன் ஊடு மட்டும் வேண்டாங்கறாரு.”

“அங்கதானுங்க நாங்க இருக்கறோம்.”

“இரு கண்ணு, ஆரு வேண்டாம்னா? படத்துல வேண்டாங்கறாரு.”

வகுப்பு சாரிடம் சொன்னேன். “க்ளையண்ட் சொல்றதச் செய்யுங்க, அதுவும் படிப்புதான்” என்று அடுத்த கம்ப்யூட்டருக்கு நகர்ந்துவிட்டார். இரண்டு நாள் வீம்பு பிடித்தேன். மூன்றாம் நாள் இடது ஓரத்தை வெட்டினேன். அரை நிமிட வேலை. வெட்டிய பிறகு படம் முன்பைவிட அழகாக இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. முதலாளி கையெழுத்துப் போட்டார், சான்றிதழும் வந்தது, வேலையும் கிடைத்தது.

வலைத்தளம் வெளியான அன்று அம்மா தோட்டத்திலிருந்து வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். படத்தின் இடது ஓரத்தை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

“நம்ம ஊடு இன்னும் வரலியாட்ட இருக்குது சாமி. டவர் சரியா எடுக்கல போல.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ஆமாம்மா” என்றேன்.

மீதிப் படம் வரட்டும் என்று அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அதை உயர்த்திப் பிடித்தபடி, எங்கள் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.