கத்தத் தெரியாத ரஸ்முஸின் கல்யாண பீர்

பக்கத்து வீட்டு ரஸ்முஸ் ஆட்டைக்கூட அதட்டாத ஆள். தோட்டத்துக்குள் ஆடு புகுந்தால் "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்பார். இப்படிப்பட்டவர் காய்ச்சும் பீர் எப்படி இருக்கும்? எங்கள் மேற்கு நார்வேப் பள்ளத்தாக்கில், பார்லிச் சாற்றில் ஈஸ்ட்டைக் கொட்டும்போது தொட்டிக்குள் தலையை நீட்டித் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தல் எவ்வளவு பலமோ பீரும் அவ்வளவு பலம். ரஸ்முஸ் தொண்டையைச் செருமுவதோடு சரி. அவர் பீரைக் குடித்தால் தூக்கம்தான் வரும் என்று ஊரே கேலி பேசும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

என் வீட்டுக்காரர் யோஸ்டைன் இதற்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் மூட ஆளில்லை. முப்பது வருடம் முயன்று தோற்றவள் சொல்கிறேன்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை ரஸ்முஸின் ஒரே மகள் இங்குனுக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பா தன் கையால் காய்ச்சிய பீர் இல்லாமல் இங்கே கல்யாண விருந்து கிடையாது. கடை பீரை வைத்தால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் பத்து நாள் முன்னதாகவே ரஸ்முஸ் அடுப்பு மூட்டிவிட்டார். மூன்றாம் நாள் காலையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன ரஸ்முஸ், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"தொட்டி சத்தமே போட மாட்டேங்குது."

போய்த் தொட்டிமேல் போர்த்தியிருந்த போர்வையை விலக்கிப் பார்த்தேன். ஒரு சாண் நுரை பொங்கி, புஸ்ஸென்று இரைய வேண்டிய நேரம். மேலே ஆடை மாதிரி ஏதோ படிந்து கிடந்தது. ஈரச் சாக்ஸில் புளித்த பாலை ஊற்றிய வாடை. ஒரு கரண்டி வாயில் விட்டேன். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி ஆற விட்டுட்டியா?"

"கொஞ்சம் ஆறிடுச்சு. அந்த நேரம் பார்த்து யோஸ்டைன் வந்தான்."

"எவ்வளவு நேரம் பேசினாரு?"

"கொஞ்ச நேரம்தான்."

"கொஞ்ச நேரம்னா?"

ரஸ்முஸ் தரையைப் பார்த்தார். "முட்டி ஆபரேஷன் முழுசும்."

யோஸ்டைனின் முட்டி ஆபரேஷன் கதை இரண்டு மணி நேரம் ஓடும். மயக்க ஊசி போட்ட டாக்டரின் மாமனார் வரைக்கும் அதில் வருவார். கறந்த பாலைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் போட்டால்தான் எங்கள் ஈஸ்ட் வேலை செய்யும். ஆறின சாற்றில் போட்டால் அது தூங்கும், புளிப்பு முந்திக்கொள்ளும்.

"அப்புறம் பேசலாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பாதியில எப்படிச் சொல்றது? அப்பதான் தையல் போட்டுட்டு இருந்தாங்க."

அவரை அறையலாமா, என் புருஷனை அறையலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நூற்றைம்பது லிட்டரையும் வேலியோரம் கொட்டினோம். இங்குன் வந்து பார்த்துவிட்டு, "பரவால்லப்பா, கடையில வாங்கிக்கலாம்" என்றாள். அந்தப் 'பரவால்ல'தான் மனிதரை உடைத்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினார்.

திங்கட்கிழமை மறுபடி காய்ச்சினார். தன்னிடம் இருந்த ஈஸ்ட்டெல்லாம் முதல் தடவையே போய்விட்டதால், எங்கள் வீட்டு ஜாடியை யோஸ்டைன் எடுத்துப் போனார். காவலுக்கு நானும் போனேன். சாறு சரியான சூட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஜாடி ரஸ்முஸின் கைக்கு மாறியது. என் வீட்டுக்காரர் தொட்டி விளிம்பில் சாய்ந்துகொண்டார்.

"ரஸ்முஸ், இந்த இடது முட்டி இருக்கே, இதுக்கு அந்த டாக்டர் என்ன சொன்னாருன்னா..."

நான் வாயைத் திறப்பதற்குள் ரஸ்முஸின் கழுத்து சிவந்தது. தொட்டிக்குள் தலையை விட்டார்.

"வாயை மூடுடா யோஸ்டைன்! மூடித் தொலைடா! முப்பது வருஷம்டா! என் பொண்ணு கல்யாணம்டா! உன் முட்டியும் வேணாம், உன் டாக்டரும் வேணாம்!"

கத்தலோடு கத்தலாக ஈஸ்ட் விழுந்தது. மலைச்சரிவில் ஆடுகள் மேய்ச்சலை விட்டுத் திரும்பிப் பார்த்தன. இங்குன் கையில் கரண்டியோடு ஓடி வந்து, "அப்பா! இதுதாம்பா கத்தல்!" என்று குதித்தாள். யோஸ்டைனும் சிரித்தார். "அடேயப்பா, இந்தத் தடவை பீர் ஆளைத் தூக்கி அடிக்கும்" என்றார். நானும் அப்படியே எடுத்துக்கொண்ட மாதிரி சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது யோஸ்டைன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சாப்பிடும்போதும் பேசவில்லை. படுக்கப் போகும் முன், "அது தொட்டிக்காகப் போட்ட கத்தல் இல்ல, தெரியுமா?" என்றார். தெரியாது என்று பொய் சொன்னேன். அதன்பின் நாலு நாள் பேச்சில்லை. இந்த அமைதிக்காக எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன்! கிடைத்தபோது பிடிக்கவில்லை. ரேடியோவைப் போட்டேன், அதுவும் பிடிக்கவில்லை.

அங்கே தொட்டி, மறுநாள் காலைக்குள் போர்வையைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. கல்யாணத்தன்று ஒரு வாய் குடித்த பாதிரியார், என்னைக் கேட்காமலே என்னோடு ஆட வந்துவிட்டார்.

அதற்கெல்லாம் முன்பே முதல் கிண்ணம் ஊற்றியாயிற்று; அது எப்போதும் ஈஸ்ட் கொடுத்தவருக்கு. ரஸ்முஸ் அதைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு, மூலையில் வாய் மூடி உட்கார்ந்திருந்த யோஸ்டைனிடம் வந்தார். அவர் குடித்தார். நல்லாயிருக்கு என்று தலையை மட்டும் ஆட்டினார். ரஸ்முஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பேசுடா. இப்ப ஆறிப்போறதுக்கு ஒண்ணும் இல்ல."

என் வீட்டுக்காரர் இடது முட்டியில் ஆரம்பித்தார். நானும் எழுந்து போகாமல் கடைசி வரை கேட்டேன்.