பொலிஸ் ஸ்டேஷன் பேட்டரி

கரண்டுக் கம்பி தோட்டத்துப் பேக்டரியோடு நின்றுவிட்டது. பதுளை ரோட்டில், பேக்டரிக்குக் கீழே வண்டி திரும்பும் முடக்கில் இருந்த எங்கள் கடைக்கு அது இறங்கவே இல்லை. என் வீட்டுக்காரர் அங்கே ரேடியோ திருத்தினார். தோட்ட ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குச் சின்ன டீவிகள் வரத் தொடங்கியிருந்த காலம். எல்லாம் கார் பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி இறங்கிவிட்டால் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போக வேண்டும். அமிலம் சிந்தி யாருடைய இடுப்புச் சாரமாவது பொத்தலாகும், கண்டக்டர் ஏசுவார். நாமே சார்ஜ் பண்ணிக் கொடுத்தால் என்ன என்று இவருக்குத் தோன்றிவிட்டது. பழைய லொறி டைனமோ ஒன்றை வாங்கி, முனையில் மூன்று பலகை இறக்கை மாட்டி, உயரமான கம்பத்தில் கடைக் கூரைக்கு மேலே ஏற்றினார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். காற்று எப்படிக் கரண்டாகிறது என்று இவர் விளக்கும்போது தலையை ஆட்டுவேன். மனம் மேலே இருக்கும் நட்டிலேயே கிடக்கும். அது கழன்றால் இறக்கை எந்தப் பக்கம் பறக்கும்? ஆடிக் காற்றில் அது உறுமத் தொடங்கினால், எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் கடைக்குள் வந்து உட்காரச் சொல்லுவேன். நல்ல மனுஷி என்று பெயர் கிடைத்தது. அவர்கள் கழுத்தை நினைத்துத்தான் கூப்பிட்டேன் என்று யாருக்கும் தெரியாது.

சனமும் லேசில் நம்பவில்லை. மேல் லயத்துக் கங்காணி பேட்டரியைக் கொடுக்கும்போது ஒருதரம் தூக்கிப் பார்த்தார், வாங்கும்போது ஒருதரம் தூக்கிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, குடுத்தப்ப இருந்த கனம்தான் இப்பவும் இருக்கு. உள்ள என்னத்த ஏத்துன?"

"கரண்டுக்குக் கனம் கெடையாதுங்க."

"பேக்டரிக் கரண்டுக்கு இருக்கும்பா. இது வெறுங்காத்துதானே?"

ஆனாலும் அவர் டீவி ஓடியது. அடுத்த கிழமையும் வந்தார், அப்போதும் தூக்கிப் பார்த்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

வடக்கில் சண்டை மூண்டிருந்த அந்த வருஷங்களில் தமிழ் ஆட்கள் கூரையில் எதை வைத்தாலும் அண்ணாந்து பார்க்கச் சிலர் இருந்தார்கள். ஐப்பசி பிறந்து காற்று படுத்துவிட்ட நேரம், ஒரு வியாழக்கிழமை பொலிஸ் ஜீப் வந்து கடை வாசலில் நின்றது. சார்ஜன்ட் இறங்கிக் கம்பத்தைச் சுற்றி வந்தார்.

"இது யாரோட பேசுது?"

"பேசாது மாத்தியா. சுத்தும். பேட்டரிக்குக் கரண்டு போகும்," என்றார் இவர். பொலிஸ்காரர் எல்லோரும் எங்களுக்கு மாத்தியாதான்.

"இப்ப சுத்தல்லயே?"

"காத்து இல்லைங்க."

"நேத்து கடையில லைட் எரிஞ்சது."

"சேத்து வச்ச கரண்டுங்க."

"எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கிறீங்க." பொலிஸ் வாயில் அது பாராட்டு இல்லை என்பது எனக்கே விளங்கியது. நாங்கள் காட்டுக்குள் யாருக்கோ செய்தி அனுப்புவதாக ஒருவர் வந்து சொன்னாராம். யார் என்று சொல்லவில்லை. ஜீப்பிலிருந்து ஒரு பேட்டரியை இறக்கச் சொன்னார். அதன் பக்கத்தில் ஸ்டேஷன் அடையாளம் வெள்ளைப் பெயின்டில் இருந்தது.

"இது சும்மா வெறும் பேட்டரி. ஏத்தி வைங்க. திங்கக்கிழமை வருவேன். பொய்னு கண்டா ஒங்கள கூட்டிட்டுப் போவேன்."

கூட்டிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று அப்போது யாரும் உரக்கக் கேட்பதில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் தேயிலைச் செடி அசையவில்லை. நான் சோறு பொங்கவும் மறந்து அந்த இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உறுமாதே என்று அதைக் கும்பிட்டவள், இப்போது உறுமு உறுமு என்று கும்பிட்டேன்.

"இங்க பாருங்க, பஸ்ஸுல பதுளைக்குக் கொண்டுபோயி ஏத்திட்டு வந்துருங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"வழியில எறக்கிச் சோதிப்பானுங்க. பொலிஸ் பேட்டரி ஏன்டா ஒன் மடியிலன்னு கேட்டா என்ன சொல்ல?"

"வேற யாருகிட்டயாவது குடுத்து அனுப்புங்க."

"யாருகிட்ட? நீயே ஒரு ஆளச் சொல்லு."

யாரை நினைத்தாலும் போய்ச் சொன்னது அவர்தானோ என்று இருந்தது. எதிர்க் கடைக்காரர் இரண்டு நாளாக என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கண்டக்டர் அளவுக்கு மீறிச் சிரித்தார். இரண்டும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மழைக்கு முன்னால் கொஞ்சம் காற்று வீசியது. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சார்ஜன்ட் சொன்னபடி வந்தார். இவர் ஒரு பல்பைப் பேட்டரியில் தொட்டுக் காட்டினார். மஞ்சளாக, சோர்ந்து எரிந்தது.

"பாதிதான் ஏறியிருக்கு மாத்தியா. காத்து இல்ல."

பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்? சார்ஜன்ட் பல்பைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ஸ்டேஷன்ல கொடி இருக்கு. நாலு நாளா நான் அதத்தான் பாத்தேன். நேத்து கொஞ்ச நேரம் ஆடினது, அவ்வளவுதான். இது முழுசா ஏறியிருந்தா ஒங்கள இப்ப ஜீப்புல ஏத்தியிருப்பேன்." பல்பைத் திருப்பிக் கொடுத்தார். "மிச்சத்தையும் ஏத்துங்க. காத்து வந்த பொறகு வந்து எடுக்கிறேன்."

ஜீப் போன பிறகு இவர் பல்பைத் துடைத்து வைத்தார். பிளேன்டீ கேட்டார். பதுளைக்குக் கொண்டுபோய் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே தண்ணீர் வைத்தேன்.

ஆனால் காற்று வரவில்லை. வெள்ளை எழுத்தோடு அந்தப் பேட்டரி கடை மேசையிலேயே இருந்தது. நாங்கள் பொலிஸ் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று நினைத்தார்களோ என்னவோ, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் உள்ளே வரச் சொன்னாலும் வெளியிலேயே நனைந்தார்கள். நான் அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் சாக்கையே பார்த்தார்கள்.

ஒருநாள் கங்காணி, ஏற்றக் கொடுத்திருந்த தன் பேட்டரியை வாங்க வந்தார். ஒரு மாதமாக வீட்டுக்கு வராத தன் மகனைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மேசையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சாக்குக்குள்ள என்னம்மா?"

"பேட்டரிதாங்க."

"பேட்டரிக்கு எதுக்கு முக்காடு?"

இவர் சாக்கை விலக்கிக் காட்டினார். கங்காணி அந்த வெள்ளை எழுத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். அவருடைய பேட்டரி இன்னும் பாதிகூட ஏறவில்லை என்று நான் சொன்னேன். பரவாயில்லை என்று கையில் எடுத்தார். அன்றைக்கு மட்டும் அவர் அதன் கனத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. அப்படியே லயத்துப் படியில் ஏறிப் போய்விட்டார்.