ஐந்து துண்டு வெள்ளைப் புடவை

பூச்சி உருண்டை வாசம் மூக்கில் பட்டால் மற்றவர்களுக்குத் தும்மல் வரும். எனக்கு வெட்கம் வரும். 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஒரு தோளில் ஐந்து வயது மகளைப் போட்டு, மறு கக்கத்தில் ஒரு நீலப் பைலை இடுக்கி, அவிழ்ந்த சாறத்தைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி வயல் பக்கமாக ஓடியவன் நான். மூன்று நாள் அந்தப் பைலைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். எது போனாலும் மகள் முதலாம் வகுப்பில் சேருவதற்கான பத்திரங்களைக் காப்பாற்றிவிட்ட தகப்பன் என்று எனக்கு நானே மாலையும் போட்டுக்கொண்டேன். நான்காம் நாள் திறந்து பார்த்தால், ஊரெல்லாம் சேறும் அழுகலும் நாறிக்கொண்டிருக்கையில், பூச்சி உருண்டை வாசத்தோடு உள்ளே சுகமாகப் படுத்திருந்தவை, பத்திரிகை ஆசிரியர்கள் எனக்குத் திருப்பி அனுப்பிய நகைச்சுவைக் கட்டுரைகள்! பிறப்பத்தாட்சிப் பத்திரமும் தடுப்பூசி அட்டையும் வாக்காளர் இடாப்புப் பிரதியும் இருந்த மற்ற நீலப் பைல் அலுமாரியோடு கடலுக்குப் போயிருந்தது.

என் மனைவி நஸீமா அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லம்" என்றாள். "புள்ள பொறந்ததுக்கு அத்தாட்சி இல்ல. நீங்க எழுதினதுக்கு இரிக்கி."

நான் பள்ளிக்கூடத்துக்குப் போன கதை இவ்வளவு சிக்கலானதல்ல. ஒருநாள் காலையில் வாப்பா வயலுக்குப் போகிற வழியில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தலைமை வாத்தியார் என் வலக்கையைத் தலைக்கு மேலால் வளைத்து இடக்காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். "காதுக்குக் கை எட்டினாப் போதும், மிச்சம் பிரம்புக்கு எட்டும்" என்று சொல்லிவிட்டு வாப்பா மண்வெட்டியோடு போய்விட்டார். ஆயத்தம் என்றால் அவ்வளவுதான். ஆனால் நானும் நஸீமாவும் நாலு புத்தகம் வாசித்தவர்கள் ஆனபடியால், மகள் முஸ்பிறாவின் விசயத்தை வெறும் காதோடு விட மனம் வரவில்லை. ஒரு வருடம் முழுக்க அவளுக்குச் சப்பாத்தில் இடது வலது காட்டினோம், சோற்றைத் தானே பிசைந்து தின்னப் பழக்கினோம், "கக்கூசுக்குப் போகணும் டீச்சர்" என்று வெட்கமில்லாமல் சொல்லப் பழக்கினோம். பேர், வாப்பாட பேர், விலாசம் மூன்றையும் மூச்சு விடாமல் ஒப்புவிக்கப் பழக்கினோம். யுத்த காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த மூன்றும் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் தேவைப்பட்ட பாடமல்ல. வீதித் தடையில் துப்பாக்கியோடு நிற்பவனும் அதே மூன்றைத்தான் கேட்பான்.

"வீடு எங்க?" என்றால், "கடற்கரை வீதி, மஞ்சக் கேற்று வீடு" என்பாள். எங்கள் பக்க வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை பெட்டியோடு போய்க் குடியேறுகிறவன். ஆகவே மஞ்சள் கேற்று வீடு நஸீமாவுடையது, அவளுக்குப் பிறகு முஸ்பிறாவுடையது. நான் அங்கே நிரந்தர விருந்தாளி. அந்த வீட்டில் கடல் விட்டுவைத்தது கிணற்றுக்கட்டை மட்டும்.

கடல் வருவதற்குப் பத்து நாள் முந்தியே முஸ்பிறாவின் வெள்ளைச் சட்டை தைத்து முடிந்திருந்தது. தைத்தவள் நஸீமாவின் தங்கை. சட்டையும் போயிற்று, தைத்த மெசினும் போயிற்று, தைத்தவளும் போனாள். இதற்கு மேல் அதைப் பற்றி நஸீமா எங்கும் கதைத்ததில்லை. நானும் எழுதப் போவதில்லை.

நாங்கள் ஒதுங்கிய முகாம், வயலோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்று. எங்களுக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பு 'பீ' பிரிவு. கரும்பலகையில் ஏழாம் வாய்பாடு பாதியோடு நின்றிருந்தது. அதன் கீழே நாங்களும் இன்னும் நான்கு குடும்பங்களும் படுத்தோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி அதுவரை யார் மௌத்து, எங்கே அடக்கம் என்று ஜனாஸா அறிவித்தல்களையே சொல்லிக்கொண்டிருந்தது. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அது தொண்டையைச் செருமிக்கொண்டு, தை மாதக் கடைசியில் பள்ளிக்கூடங்கள் திறக்கும், முதலாம் வகுப்புப் பிள்ளைகளைப் பதியலாம் என்றது.

அன்று மாலை நஸீமாவின் மாமா வந்தார். அவர்களுடைய தாய்வழிக் குடிக்கு அவர்தான் மரைக்கார். பள்ளிவாசல் நிருவாகத்தில் அந்தக் குடியின் சார்பில் அமருபவர். அவர் சொல்லைத் தட்டி அந்தக் குடியில் ஒரு கலியாணமும் நடந்ததில்லை, ஒரு கத்னாவும் நடந்ததில்லை.

"புள்ள நஸீமா" என்றார். "ஊரே மௌத்தாக் கிடக்கு. இப்ப என்ன இஸ்கூல்? வாற வருசம் பாத்துக்கலாம். ஒரு வருசம் பிந்தினா புள்ள பழுதாகிருமா?"

"வீட்டக் கடல் கேட்டு எடுக்கல்ல மாமா. தங்கச்சியையும் கேட்டு எடுக்கல்ல. இந்த வருசத்த மட்டும் நாமளாத் தூக்கிக் குடுக்கணுமா? ஏலா."

மாமா என் பக்கம் திரும்பினார். "மருமகன் என்ன சொல்ற?"

மருமகன் அப்போது கரும்பலகையில் ஏழாம் வாய்பாட்டை மிகுந்த கவனத்தோடு வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்த "ஏலா" என்ற ஒரு சொல்லில்தான் அடுத்த மூன்று கிழமைகளும் ஓடின. கொப்பி இல்லை, என் கட்டுரைகள் இருந்தன. தாளில் ஒரு பக்கம் மட்டுமே எழுதி அனுப்ப வேண்டும் என்பது பத்திரிகைகளின் விதி. அந்த விதியை நான் இலக்கிய பக்தியோடு பின்பற்றியிருந்ததால் ஒவ்வொரு தாளின் முதுகும் வெள்ளையாகக் கிடந்தது. முஸ்பிறா அந்த முதுகுகளில் 'அ' எழுதினாள், 'ஆ' எழுதினாள், 'இ' எழுதத் தெரியாமல் ஒரு நண்டை வரைந்தாள். எந்த ஆசிரியருக்கும் உதவாத தாள்கள் முதன்முதலாக ஒரு வாசகிக்குப் பயன்பட்டன. முகாமின் மற்றப் பிள்ளைகளும் வந்து கேட்க, தலைக்கு இரண்டு தாளாகப் பகிர்ந்தேன். பாடம் நடக்கையில், "இப்படியான நேரத்தில இதுகளுக்குச் சிரிப்பு வருதே" என்று பக்கத்துப் பாயிலிருந்து ஒரு மனிசி சொல்வதும் காதில் விழும். நஸீமா குரலைக் கூட்டி, "சத்தமாச் சொல்லுங்க மகள், அ!" என்பாள்.

மிஞ்சியது சட்டை. நிவாரணமாக வந்த மூட்டைகளில் குளிர் தேசத்துக் கம்பளிச் சட்டைகள் இருந்தன, மாப்பிள்ளைக் கோட்டு ஒன்று இருந்தது, வெள்ளைத் துணி மட்டும் இல்லை. ஆகவே மூவரும் கல்முனைக்குப் போனோம். கடைத்தெருவில் பாதிக்கு மேல் பூட்டு. ஒரு புடவைக்கடையில், எங்கள் பக்கத்தில் புடவை என்றால் வெறும் துணிதான், அரைக் கதவு திறந்திருந்தது. மேசையில் வெள்ளைப் புடவைச் சுருள் ஒன்று, அதற்குப் பின்னால் நாடியில் ஒரு கிழமைத் தாடியோடு முதலாளி. முஸ்பிறா வாசற்படியில் நின்று தெருவிலே போன மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளப் புடவை வேணும் காக்கா" என்றாள் நஸீமா.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஆம்புளையா, பொம்புளையா?"

"பொம்புள."

"உசரம்?"

நஸீமா தன் இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினாள். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கை நின்ற இடத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு ஒன்றும் கேளாமல் சுருளை உதறிக் கத்தரிக்கோலின்றிக் கையாலேயே கிழிக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. சட்டைத் துணியை ஏன் இந்த மனிதர் துண்டுதுண்டாகக் கிழிக்கிறார் என்று நான் யோசித்தேன். நான்கு. ஐந்து. ஐந்தாவது துண்டை மடித்து மற்றவற்றின் மேல் வைத்து, "காசு வேணா. அல்லாஹ் பொறுமையத் தரட்டும்" என்றபோதுதான் விளங்கியது. அடக்கும்போது உடம்பைச் சுற்ற ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து துண்டு. எங்கள் மகளுக்குக் கபன் கிழித்து வைத்திருக்கிறார்.

நஸீமா அந்தத் துண்டுகளைத் தொடவில்லை.

"காக்கா" என்றாள். "இது இஸ்கூல் சட்டைக்கி. புள்ள அந்தா நிக்கிறா."

அவர் வாசலைப் பார்த்தார். முஸ்பிறா மாட்டுக்கு நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி அந்த ஐந்து துண்டுகளையும் அவசரமாக மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"புள்ளய இஞ்ச கூப்பிடுங்க" என்றார். "அளவு எடுத்துத்தான் வெட்டணும்."

அளவு நாடாவைத் தேடிப் பிடித்தார். தோளை அளந்தார், கையை அளந்தார், "நேரா நில்லுங்க மகள்" என்று இரண்டு தரம் அதட்டினார். அளந்து முடிந்தும் விடவில்லை. திரும்ப ஒருமுறை தோளை அளந்தார். புதுத்துணியை வெட்டப்போனவரை நஸீமா தடுத்தாள்.

"கிழிச்சதையே தாங்க காக்கா."

"அது வேணா புள்ள. அது வேற நினைவில கிழிச்ச."

"அந்த நினைவு பிழையெண்டு கண்ணால கண்ட நீங்கதானே. தாங்க."

அவர் தந்தார். கீழ் மடிப்புக்கென்று இன்னும் ஒரு முழம் சேர்த்தும் தந்தார். "வளர்ற புள்ள" என்றார்.

முகாமுக்குத் திரும்பியதும் விசயம் எப்படியோ மரைக்கார் மாமாவின் காதுக்குப் போய்விட்டது. இந்த முறை அவர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார். "கபனுக்குக் கிழிச்ச புடவையில உசிரோட இரிக்கிற புள்ளைக்குச் சட்டை தைக்கிறயாம். புத்தி பேதலிச்சுப் போச்சா?"

நஸீமா கையூசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்துத்தான் பதில் சொன்னாள்.

"இது கபன் இல்ல மாமா. கபனாகாமத் தப்பின புடவை. எங்கட புள்ளயப் போல."

மாமா குனிந்தார். ஐந்து துண்டுகளையும் பார்த்தார், பாயில் குந்தியிருந்து என் கட்டுரையின் முதுகில் நண்டு வரைந்தவளைப் பார்த்தார். பிறகு, "கழுத்த கொஞ்சம் எறக்கி வை, புழுங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குடியில் ஒரு மரைக்கார் தோற்ற வரலாறு அதுதான் முதல். பதிவேட்டில் இருக்காது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பதிவு நாள் வந்தது. அதிபர் தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் படிவம் படிவம்தானே. பிறப்பத்தாட்சி என்றார், பிறகு கொண்டுவாருங்கள் என்று தானே ஒரு கோடு போட்டுக்கொண்டார். அடுத்ததாக, பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட வசிப்பதற்கான அத்தாட்சி என்றார். பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே ஒரு மாதமாகக் குடியிருக்கும் எங்களிடம் கேட்கிறார்!

"அந்தா சேர்" என்று நஸீமா கையை நீட்டினாள். "மூணாம் வகுப்பு பீ. கொடியில காயிற நீலச் சாறம் இவருட."

அதிபர் சாறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அத்தாட்சி திருப்தியாக இருந்திருக்க வேண்டும். பிறகு மகளிடம் குனிந்தார்.

"வீடு எங்க மகள்?"

இந்தக் கேள்விக்கு என்ன பதிலைச் சொல்லிக் கொடுப்பது என்று முதல்நாள் நானும் நஸீமாவும் தர்க்கப்பட்டிருந்தோம். முகாம் என்று சொல்லட்டும், அதுதானே உண்மை என்பது என் கட்சி. பழைய பதிலில் ஒரு சொல்லையும் மாற்ற விடமாட்டேன் என்பது அவள் கட்சி. "வீடு இல்லாட்டி என்ன, விலாசம் எங்கடதானே?" என்றாள்.

முஸ்பிறா மூச்சு விடாமல் சொன்னாள். "கடற்கரை வீதி, மஞ்சக் கேற்று வீடு."

அதிபருக்கு அந்த வீதி தெரியும். அங்கே இப்போது என்ன இருக்கிறது என்பதும் தெரியும். பேனையைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்திருந்தார். பிறகு, அப்படியே எழுதினார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று பிள்ளைகள் சிவப்பிலும் பச்சையிலும் நிவாரணப் பூப்போட்ட சட்டைகளிலும் வந்திருந்தார்கள். அளவெடுத்துத் தைத்த வெள்ளையில் முழுசாக நின்றவள் எங்கள் மகள் மட்டும்தான். தையல் கொஞ்சம் கோணல், கழுத்து இறக்கம். வகுப்பில் அவளை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தோம். அழவில்லை. எங்களுடைய கண்ணீரில் உப்புச் சேர்த்துக்கொள்ள அந்தக் கடலுக்கு நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது ஐந்து வயதுக்காரன் ஒருவனுக்கு உம்மா. அவனைத் தை மாதத்துக்கு ஆயத்தப்படுத்துகிறாள். அவனுடைய பத்திரங்களெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று பிரதியாக இருக்கின்றன. யுத்தம் முடிந்து வீதித் தடைகள் போய்விட்டன. வாப்பாட பேரைத் துப்பாக்கிக்கு ஒப்புவிக்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. கடற்கரை வீதியின் அந்த முனையில் பிறகு யாரும் வீடு கட்டவில்லை. தோணிகளைக் கரையேற்றிப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு பீ இருந்த இடத்தில் மாடிக் கட்டடம். கல்முனையில் அந்தப் புடவைக்கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்து, போன வெள்ளிக்கிழமை முஸ்பிறாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுவாள் என்று ஒரு சின்ன நம்பிக்கை. நிமிர்ந்த தலையோடு வெளியே வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"வாப்பா, அண்டைக்கி அந்த வகுப்பில ஒரு புள்ளயும் அழல்ல. அழுத ஆக்கள் ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிண்ட நீங்க ரெண்டு பேரும்தான். 'யாருட உம்மா வாப்பா அது?' எண்டு டீச்சர் கேட்ட. நான் தெரியா எண்டுட்டன்."