கவிழ்த்து வைத்த பேணி

தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, கல்லோடு சேர்த்துப் பவளத்தைத் தூக்கிக்கொண்டிருந்தபோது மங்கை அக்கா பின்னால் நின்று, "செத்துப்போச்சோ?" என்று கேட்டார். சாகவில்லை. ஆனால் உயிரோடு இருப்பது மாதிரியும் இல்லை. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களே, நீங்களும் இப்படி நனைந்த கையோடு நின்று பதில் தேடியிருப்பீர்கள். தொட்டி பராமரிக்கும் எங்கள் தொழிலில் தண்ணீருக்குள் இருப்பவற்றைவிட வெளியே நிற்பவர்களுக்குத்தான் அதிக ஆறுதல் தேவைப்படுகிறது.

பூ

இணுவில் என்ற ஊரில் இருக்கும் அந்தத் தொட்டியை வைத்தது அக்காவின் மகன் கஜன். கனடா போவதற்கு முன் என்னிடம் விரல்நகம் அளவு மென்பவளத் துண்டு ஒன்றை வாங்கி, தையல் நூலால் கல்லில் கட்டி விட்டிருந்தான். அது காளான் குடை மாதிரி விரிந்து சாசர் அளவுக்கு வளர்ந்தது. குடை முழுவதும் சின்னச் சின்னக் கைகள். மோட்டார் கிளப்பும் அலையில் அவை அசைவதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பூ என்றே சொன்னார்கள். அது செடியல்ல, உயிர்ப்பிராணி என்று நான் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். இப்போது ஒரு பூவும் இல்லை. குடை சுருங்கி, மேலே மெழுகு மாதிரித் தோல் படிந்திருந்தது.

கஜனைப் போகச் சொன்னது மங்கை அக்கா. வேண்டாம் என்றவர் கணவர் நவரத்தினம் அண்ணை. மகன் போன நாளிலிருந்து இருவரும் நேரே கதைப்பதில்லை. வீட்டுக்கு யார் வருகிறாரோ அவர் வழியாகத்தான் கதை. அன்று அது நான். அண்ணை கைக்கு எட்டும் தூரத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "லைற்றை நிப்பாட்டி வைக்கிறவரோ எண்டு அவரைக் கேளுங்கோ தம்பி" என்றார் அக்கா. பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "நான் அந்தப் பக்கமே போறேல்லை எண்டு அவவுக்குச் சொல்லும்."

கரண்ட்

கஜன் வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் கூப்பிடுவான். முதலில் அம்மாவின் ஃபோனுக்கு, பிறகு அப்பாவின் ஃபோனுக்கு. அம்மா ஹோலில் நின்று கதைப்பார், அப்பா முற்றத்தில் நின்று. இரண்டு பேரிடமும் அவன் கேட்பது ஒன்றுதான்: பூவைக் காட்டுங்கோ. தொட்டி இருட்டாய்க் கிடக்கிறது, கரண்ட் இல்லை என்று அக்கா சொல்லிவந்தார். முற்றத்தில் அண்ணையும் அதையே சொல்லிவந்தார். கலந்து பேசிச் சொன்ன பொய் அல்ல.

"அங்கை அவனுக்கு ஒரு அறையும் வேலையும்தான். இஞ்சை அவன் விட்டிட்டுப் போனது இது ஒண்டுதான். இதுவும் போட்டுதெண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார். சொல்லி முடிக்கவும் ஃபோன் அடித்தது. வழக்கமான பொய்யைச் சொன்னார். மகன் கேட்டான்: "அப்ப உங்கடை தலைக்கு மேலை ஃபான் எப்பிடியம்மா சுத்துது?"

கிணறு

நான் முதலில் சந்தேகித்தது கிணற்றுத் தண்ணீரை. காரணம் நீர்வேலியில் ஒரு வாழைத் தோட்டக்காரர். தன்னுடைய தொட்டியில் ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி பிடிக்க வைத்திருந்தார். தோட்டத்துக்குப் போடும் உரம் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகிறது, வடிகட்டிய தண்ணீர்தான் விடவேண்டும் என்று விளக்கினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் மோட்டார் சைக்கிளில் கொழுவிவிட்டுச் சொன்னார்: "இந்தத் தண்ணியிலைதான் என்ரை வாழை குலை தள்ளுது. உங்கடை பூவுக்கு மட்டும் என்ன இவ்வளவு எடுப்பு?"

கடல்

இணுவிலில் கிணற்றுத் தண்ணீர் விடவில்லை. விட்டதெல்லாம் வடிகட்டியதுதான். ஆனாலும் தொட்டித் தண்ணீர் கெட்டிருந்தது. அதை மாற்றிப் பார்ப்போம் என்று குருநகர்க் கடற்கரைக்குப் போனேன். கரையோரத் தண்ணீரில் கலங்கலும் எண்ணெயும். அருளப்பு என்ற மீனவரிடம், ஆழ்கடலில் தெளிந்த இடத்தில் பிளாஸ்டிக் கான்களை நிரப்பிவர முடியுமா என்று கேட்டேன். "மீனை விட்டிட்டுத் தண்ணியைக் கேட்டு வந்த ஆள் நீர்தான்" என்று சிரித்தார். ஆனால் கொண்டுவந்து தந்தார்.

அந்தத் தண்ணீரைத் தொட்டியில் விட்டதும் குடையின் ஓரத்தில் நாலைந்து பூக்கள் எட்டிப் பார்த்தன. அக்கா அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். அண்ணை பேப்பரைத் தாழ்த்தினார். அடுத்த தடவை நான் போனபோது எல்லாம் மறுபடி மூடியிருந்தன. வெறும் கான்களோடு என்னைக் கண்ட அருளப்பு அண்ணை என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்: "கடலையே காவிக்கொண்டு போனீர், அதுக்கும் சுகம் வரேல்லையோ?"

மச்சம்

ஒரு வெள்ளிக்கிழமை காலை, இணுவில் வழியாகப் போனவன் சொல்லாமல் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். மங்கை அக்கா தொட்டியருகே நின்று, தகரப் பேணியிலிருந்து பவளத்துக்கான தீன் தூளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடற்பிராணிகளை அரைத்துச் செய்த தூள் அது. அவரோ முட்டைகூடத் தொடாத சைவம். "குளிக்க முதல் போட்டிடுவன் தம்பி. மச்சம்தானே. பிறகு தோய்ஞ்சிட்டுத்தான் சாமியறைக்குப் போவன்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

நான் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து வடிகட்டியைக் கழற்றினேன். கடையிலிருந்து வந்த நவரத்தினம் அண்ணை என்னைக் காணவில்லை. சுற்றிப் பார்த்தார். அதே பேணியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டார். நான் எழும்பினேன். திடுக்கிட்டவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவ மச்சத்தைக் கையாலை தொடமாட்டா. பட்டினி கிடந்து சாகப்போகுதெண்டு நான்தான் போடுறனான். அவவுக்குச் சொல்லாதையும்."

சொல்லவேண்டி இருக்கவில்லை. அக்கா ஈரத் தலையோடு வாசலில் நின்றார். "அவர் இந்தப் பக்கமே பாராரெண்டுதானே நான் போட்டனான்" என்றார், என்னைப் பார்த்து. நானும் இருவருக்கும் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்: இந்தப் பவளம் பெரும்பாலும் வெளிச்சத்திலேயே வாழும், வாரத்தில் இரண்டு சிட்டிகை போதும், மிஞ்சுகிற தூள் அழுகித் தண்ணீரை நஞ்சாக்கும். அண்ணை தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார்: "அப்ப நாங்கள் ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் அதைத் திணறடிச்சிருக்கிறம்."

பேணி

ஒரு ஏற்பாடு சொல்லிவைத்தேன். செவ்வாயும் வெள்ளியும் தீன். யார் போட்டாலும் பேணியைக் கவிழ்த்து வைக்கவேண்டும், மறுநாள் நிமிர்த்திவிடலாம். நிமிர்ந்திருந்தால் மட்டும் மற்றவர் தொடலாம். கதைக்கவேண்டிய அவசியம் இல்லை. இருவரும் இதை உடனே ஒப்புக்கொண்டார்கள். நான் அருளப்பு அண்ணையின் கடலைக் கான்களில் திரும்பவும் காவிவந்தேன்.

பிறகொரு வெள்ளிக்கிழமை நான் போனபோது மெழுகுத்தோல் வெங்காயச் சருகு மாதிரிக் கழன்று மூலையில் கிடந்தது. குடை விரிந்திருந்தது. விளிம்பிலிருந்து நடுவரை பூக்கள். அக்கா குளித்துவிட்டு வந்தவர், கஜனைத் தானே கூப்பிட்டு ஃபோனைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். மகன், "கரண்ட் வந்திட்டுதோ அம்மா?" என்று கேட்டான்.

"ஓம், வந்திட்டுது" என்றார் பின்னால் நின்ற அப்பா.

மென்பவளத்துக்கு வெளிச்சம், உப்பு, நீரோட்டம் மூன்றும் சரியாக இருந்தால் போதும் என்றுதான் நான் இன்றைக்கும் புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேணி நிமிர்ந்தபடி இருந்தது. நவரத்தினம் அண்ணை மூடியைத் திறந்தார். மங்கை அக்கா ஃபோனை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையை நீட்டினார். அண்ணை அவருடைய ஈரத் தலையையும் நெற்றித் திருநீற்றையும் ஒருகணம் பார்த்தார். பிறகு பேணியை நீட்டினார். அக்கா ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். அண்ணை மூடியை இறுக்கி, பேணியைக் கவிழ்த்து வைத்தார்.